வில்லாளியின் தலையில் கொழுந்துக் கூடை

றாபியா கொண்டுவந்த படத்தை மேசையில் வைத்ததும் மாணிக்கவாசகம் பிளேன்டீக் கோப்பையைத் தள்ளி வைத்தார். 

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பழைய தாள். தாள் நிறையப் போர். வானம் தங்க நிறம். நீலக் குதிரைகளும் இளஞ்சிவப்புக் குதிரைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் நெருக்கியடித்தன. நடுவில் ஒருவன் இன்னொருவனைத் தோளிலிருந்து இடுப்புவரை பிளந்துகொண்டிருந்தான். புல்தரையில் ஏழு தலைகள் கிடந்தன. ஒரு முகத்திலும் வலி இல்லை. குன்றுக்குப் பின்னால் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் வாயில் விரல் வைத்திருந்தான்.

"பஸ் ஸ்டாண்டுல சண்டை நடந்தா நம்ம ஆளுங்களும் இப்படித்தான் பார்ப்பாங்க" என்றாள் டொறீன்.

டொறீன் மாணிக்கவாசகத்தின் உதவியாளர். நாலு வருடத்துக்கு முன் டைப் அடிக்க வந்தவள். டைப் அடிப்பதைவிட வாயடிப்பது நன்றாக வந்தது. மாணிக்கவாசகம் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருந்தவர். இப்போது மாத்தளை திருகோணமலை வீதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் ஒற்றை அறையில் துப்பறியும் தொழில்.

அது 2003. யுத்த நிறுத்தம் வந்து ஒரு வருடம் தாண்டியிருந்தது. சிகிரியாவுக்குப் போகும் வெள்ளைக்காரர்களின் வேன்கள் மறுபடி மாத்தளை வழியாக ஓடின. பழசு என்று சொல்லி எதை நீட்டினாலும் வாங்கினார்கள்.

"பாரசீக ராசா கதைப் படமா?" என்று கேட்டார் மாணிக்கவாசகம்.

"படம் அப்பிடித்தான். தாள் அப்பிடியில்ல" என்றார் றாபியா. ஐம்பத்தைந்து வயது. தகப்பனைப் போலவே யூனானி வைத்தியம் செய்பவர். ஊரில் எல்லோருக்கும் ஹக்கீம் அம்மா.

அவர் சட்டத்தைத் திருப்பி, பின்னால் மடக்கியிருந்த ஆணிகளை நிமிர்த்தி, பலகையை எடுத்தார். படத்தைச் சுற்றி வைத்திருந்த வெள்ளை மட்டையையும் உருவினார். மட்டை மறைத்திருந்த இடத்தில், படத்துக்கு மேலே, கறுப்பு மையில் ஒரு வரி தெரிந்தது.

"இது அல்லாஹ்ட பேரால தொடங்குற வரி. எங்கட பாட்டனார் ஒவ்வொரு மருந்தையும் இப்பிடித்தான் தொடங்குவார். கீழ ரெண்டு வரி மிச்சமிருக்கு. மாதுளம் ஓட்டை இடிச்சி, ரோசாத் தண்ணியில கரைச்சி, சின்னப் புள்ளைக்கு மூணு வேளை குடுக்கச் சொல்லுது. வயிறு கழியிறதுக்கு மருந்து. நடுவுல பத்து வரி இருந்திச்சு. அதுக்கு மேலதான் இந்தக் குதிரையெல்லாம் ஓடுது."

டொறீன் குனிந்து பார்த்தாள். "அப்ப ஏழு தலை உருண்டது வயித்தால போனதுக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. மாணிக்கவாசகம் குதிரைகளுக்கு அடியில் எழுத்தைத் தேடினார். வெட்டுப்பட்ட தலைகளைவிட அந்தப் பத்து வரி மோசமாக இருந்தது. நூறு வருடம் பிள்ளைகளைக் காப்பாற்றிய எழுத்தின் மேல் எவனோ ரத்தம் பூசி விற்றிருக்கிறான்.

றாபியா விஷயத்தைச் சொன்னார். மருந்துப் புத்தகம் பாரசீகத்தில் எழுதியது. நூற்றெண்பது தாள். தகப்பன் இறந்து ரெண்டு வருடம். துக்கநாள் முடிந்து மருந்தறைப் பெட்டியைத் திறந்தபோது புத்தகம் இல்லை. போன கிழமை கலேவெல பக்கம் ஒரு ஹோட்டல்காரரின் தாயாருக்கு மருந்து கொடுக்கப் போன இடத்தில், சுவரில் இந்தத் தாள் தொங்கியது. படத்துக்குக் கீழே தெரிந்த ரெண்டு வரியில் பாட்டனாரின் எழுத்தை அடையாளம் கண்டார். வேனில் வந்த எவனிடமோ வாங்கியதாகவும் ஆளைத் தெரியாதென்றும் சொல்லி, ஹோட்டல்காரர் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"யார் மேலயாவது சந்தேகமா?"

றாபியா முந்தானையைச் சரிசெய்தார். "ஸக்கரியா நானா. என் கூடப்பிறந்தவர். புத்தகத்த வித்துடலாம்னு வாப்பாவோட சண்ட புடிச்சவர். ரெண்டு வருசமா நான் அவரோட பேசல. அவரா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரியணும். அவர்தான்னா, அவர் மவுத்துக்கும் நான் போகமாட்டேன்."

அவர் போனபின் டொறீன் மட்டையை முன்போலவே வைத்து, பலகையை மூடி, ஆணிகளை மடக்கி, சட்டத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றினாள்.

பாரசீகப் படம் பற்றிக் கேட்க மாத்தளையில் ஒரே ஆள்தான் இருந்தார். ஒஸ்வல்ட் மாஸ்டர். ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர். ஊருக்கு வெளியே சிறிய மிளகுத் தோட்டமும் வீடும். தேயிலைத் தோட்டத்துப் பையன்களைப் புலிகள் என்ற சந்தேகத்தில் பொலிஸ் பிடித்துப்போன காலத்தில், யாரும் வாய் திறக்கப் பயந்தபோது, கமிஷன்களுக்கும் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கும் கடிதம் எழுதிப் பலரை வெளியே எடுத்தவர். அன்றைக்கும் அவர் விறாந்தையில் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள்.

"வாங்க மாணிக்கம். டொறீன், நீ இன்னும் இவரை விட்டு ஓடலையா?"

"சம்பளம் வந்ததும் ஓடலாம்னு இருக்கேன் மாஸ்டர். அதுதான் வரமாட்டேங்குது."

மாஸ்டர் சட்டத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு பெரிய படப் புத்தகத்தை எடுத்து விரித்தார். அதிலும் போர்கள். ஆனால் கோடுகள் மயிரிழை மாதிரி.

"அசல் இதுதான். பாரசீகக்காரன் போரை அழகாத்தான் வரைவான். ரத்தம்கூட மாதுளம்பூ மாதிரி இருக்கும். ராசா மடியில விரிச்சுப் பார்க்கிற புத்தகம், முகம் சுளிக்கக் கூடாதில்லையா? கொடி மட்டும் சட்டத்தைத் தாண்டி வெளிய போகும். அம்புக்கூடு எப்பவும் இடுப்புல, குதிரையில இருந்து எடுக்க வசதியா. நீங்க கொண்டுவந்தது இதைப் பார்த்துப் பண்ணின மட்டமான நகல்."

"தாள் ஹக்கீம் வீட்டு மருந்துப் புத்தகம்."

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம். அவர் எவ்வளவு பெரிய மனுசன். என் மனைவிக்கு ஏழு வருசம் மருந்து குடுத்தார், ஒரு சதம் வாங்கல." கொஞ்சம் தயங்கிவிட்டுத் தொடர்ந்தார். "ஒண்ணு கவனிச்சீங்களா? மேல அல்லாஹ் பேர் இருக்கிற வரியத் தொடாம விட்டிருக்கான். அந்த எழுத்துத் தெரிஞ்சவன், அதுக்குப் பயந்தவன் பார்த்த வேலை. நான் யாரையும் சொல்லல. ஸக்கரியா நல்ல மனுசன்தான்."

மாணிக்கவாசகம் தலையாட்டினார். அவருக்கும் அந்த வரி உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

ஸக்கரியாவின் தையல் கடை சந்தைக்குப் பின்னால் இருந்தது. அறுபது வயது மனிதர். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி கேட்டுக்கொண்டார். கடைசியில் நாடாவைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி அனுப்பினாளா?"

"நான் கேக்குறேன்."

"விக்கலாம்னு சொன்னது உண்மை. மியூசியத்துக்கு. கரையான் தின்னுமுன்ன ஒரு நல்ல இடத்துக்குப் போகட்டும்னு. நான் சொன்னத அவ வித்துத் திங்கப்போறேன்னு கேட்டா." வேலை செய்த ரெண்டு பையன்களும் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸக்கரியா துணி அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். துணிக் கட்டுகளைத் தரையில் இறக்கினார். பணப்பெட்டியையும் திறந்து வைத்தார். "தேடுங்க. பாட்டனார் எழுத்து மேல ரத்தம் வரைய நான்தானே வழி காட்டினேன். தேடுங்க."

ஒன்றும் இல்லை. வாசல்வரை வந்த மாணிக்கவாசகத்திடம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "வாப்பாட ஜனாஸாவ அடக்கம் பண்ண மையவாடிக்குத் தூக்கினப்ப முன்னால தோள் குடுத்தவன் நான். இனி இந்தக் கடைப் பக்கம் வராதீங்க."

வெளியே வந்ததும் டொறீன் சொன்னாள்: "ஒரு மனுசன அவர் வேலைக்காரங்க முன்னால நாறடிச்சிட்டோம் சேர்."

மாணிக்கவாசகம் கடையைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுத்தவன் எடுத்துக் கொடுத்த சந்தேகத்தைத் தன் மூளையில் உதித்ததாக நினைத்துக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறார்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் டொறீன் மீன் வைத்த மாலு பணிஸைக் கடித்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். றத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். தாய் கொழுந்தெடுத்தவள்.

"சேர், இந்த வில்லுக்காரனப் பாருங்க. அம்புக்கூட எங்க மாட்டியிருக்கான்?"

"முதுகுல."

"முதுகுலதான் தொங்குது. கயிறு எங்க போகுது?"

கயிறு தலைக்குப் போனது. தலைப்பாகைக்கு மேல், நெற்றியை அடுத்து, பட்டையாகக் கிடந்தது.

"எங்க அம்மா கொழுந்துக் கூடைய இப்படித்தான் தலையில மாட்டுவாங்க. பாரசீகத்துல கொழுந்தெடுக்கப் போனவன் போல" என்றாள் டொறீன். "புல்லையும் பாருங்க. மாஸ்டர் காட்டின படத்துல புல்லு கொத்துக் கொத்தா இருந்திச்சு. இதுல எல்லாம் தலை தட்டையா, வரிசையா நிக்குது. கவ்வாத்து பண்ணின தேயிலை. இத வரைஞ்சவன் தோட்டத்து ஆளு சேர். கை பழகினத வரைஞ்சிருக்கான்."

மாணிக்கவாசகம் படத்தை ஜன்னலருகே கொண்டுபோனார். தங்க வானத்தை மறுபடி பார்த்தார். பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் எண்ணெயில் குழைக்கும் பித்தளைப் பொடி. பாத்திரக் கடைக்கு நாலு கடை தள்ளி இருந்த பெயின்ட் கடையில் விசாரித்தார்கள். தோட்டப் பக்கமிருந்து வந்து அந்தப் பொடியை வாங்குகிறவன் ஒரே ஆள். எல்கடுவ வின்சன்ட். கோயில் பலகை, கடைப் பலகை எல்லாம் அவன்தான் எழுதுவான்.

எல்கடுவ பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின் மாணிக்கவாசகம் சொன்னார்: "அம்புக்கூடு இடுப்புலதான்னு மாஸ்டரே சொன்னாரு. தலையில மாட்டினத அவர் கண்ணு எப்படி விட்டுச்சு?"

"வயசாச்சு சேர்."

"குன்றுக்குப் பின்னால நிக்கிறவன் நகத்தக்கூடப் பார்ப்பாரு அந்த மனுசன்."

லயத்து வரிசையின் கடைசியில், தொங்கல் காம்பராவில் வின்சன்ட் இருந்தான். இருபத்தெட்டு வயது இருக்கும். இடது கை விரல்கள் ரெண்டு நிமிரவில்லை. ஆட்களைக் கண்டதும் பலகைமேல் இருந்ததைச் சாக்கால் மூடினான். டொறீன் சாக்கை விலக்கினாள். பாதி வரைந்த தாள். ஒரு குதிரையின் முன்னங்கால்கள் மட்டும் எழுத்துகளின் மேல் ஏறி நின்றன.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா வின்சன்ட்?" மாணிக்கவாசகம் கேட்டார்.

"ராசா கதைங்க."

"மருந்து. சின்னப் புள்ளைங்களுக்குக் குடுக்கிற மருந்து."

வின்சன்ட் தாளைப் பார்த்தான். தூரிகையைத் தண்ணீர்ச் சிரட்டைக்குள் போட்டான். "எனக்குத் தெரியாதுங்க. ராசா கதைன்னுதான் சொன்னாங்க. சத்தியமா."

"யார் சொன்னது?"

அவன் வாசலைப் பார்த்தான். "கேக்காதீங்க. என் கார்டு அவர்கிட்ட இருக்கு."

மெதுவாகத்தான் வந்தது. தொண்ணூற்றேழில் கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் பிடித்தார்கள். ரெண்டு வருடம் உள்ளே. பெரிய மனுசன் ஒருவர் கடிதம் எழுதி வெளியே எடுத்தார். எடுத்த அன்றே அடையாள அட்டையையும் விடுதலைக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். திருப்பிக் கேட்டால் அடுத்த படம் முடியட்டும் என்பார். அட்டை இல்லாமல் பஸ்ஸில் தூரம் போக முடியாது. புதிது எடுக்கப் பொலிஸ் அறிக்கை வேண்டும். உள்ளே இருந்து வந்தவனுக்கு அதை யார் தருவார்கள்?

"தலைங்கள அவரு கேட்டாருங்களா?" டொறீன் கேட்டாள்.

"கூட நாலு போடுன்னு சொல்லுவாரு. வெள்ளைக்காரனுக்குப் புடிக்குமாம். எனக்கு வரையிறப்பல்லாம் சாப்பாடு எறங்காது. உள்ள பார்த்ததெல்லாம் வருதுங்க." அவன் நிமிராத விரல்களைத் தடவினான்.

"மேல ஒரு வரிய விட்டிருக்கியே, அத விடச் சொல்லி யார் கோடு போட்டது?" என்றார் மாணிக்கவாசகம்.

"யாரும் போடலீங்க. நானா விட்டேன். உள்ள எனக்குப் பக்கத்துல காத்தான்குடி முஸ்லிம் பெரியவர் ஒருத்தர் இருந்தாரு. அடிச்சுக் கொண்டாந்து போட்டா, விரலால தரையில அந்த எழுத்த எழுதுவாரு. கடவுள் பேருன்னு சொன்னாரு. அது மேல பெயின்ட் அடிக்க எனக்கு மனசு வரல. அதுக்கு அவரு திட்டுவாரு. படத்தோட அழகு கெடுதாம். அதான் சட்டம் போடுறப்ப மட்டை வெச்சு அவரே மறைச்சிடுவாரு."

மாணிக்கவாசகம் எழுந்தார். "மட்டைய வெச்சு."

"ஆமாங்க."

டொறீனும் எழுந்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "சேர், நாம படத்த அங்க கொண்டுபோனப்ப—"

"மட்டையோடதான் கொண்டுபோனோம். நீதான் மூடின. அவர் சட்டத்தத் திறக்கவேயில்ல. மேல வரி இருக்குன்னு அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்?"

வின்சன்ட் முகத்தை மூடிக்கொண்டான். மாஸ்டரின் பெயரை அவன் சொல்லத் தேவை இருக்கவில்லை.

எல்கடுவச் சந்தியில் ஒரு கடையிலிருந்து மாணிக்கவாசகம் றாபியாவுக்குப் போன் எடுத்தார். ஒரே கேள்வி கேட்டார். "உங்க வாப்பா ஜனாஸா போனப்ப வீட்டுல யார் இருந்தது?"

"பொம்புளங்க நாங்க எல்லாம் உள் வீட்டுல. ஆம்புளங்க எல்லாரும் மையவாடிக்குப் போயிட்டாங்க. முன்னால மருந்தறையில ஒஸ்வல்ட் மாஸ்டர் இருந்தார். நான் வேற மதத்து ஆளு, வாசலப் பார்த்துக்கிறேன், நீங்க போங்கன்னு சொன்னவர்." பிறகு றாபியா, "யா அல்லாஹ்" என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் வீட்டை அடைந்தபோது விறாந்தையில் யாரும் இல்லை. அவர் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். மாணிக்கவாசகம் வேண்டாமென்றார். சட்டத்தை அவர் கையில் கொடுத்தார்.

"அந்த மேல் வரிய எனக்கு ஒருக்கா காட்டுங்க மாஸ்டர்."

ஒஸ்வல்ட் சட்டத்தைத் தூக்கினார். மேலே வெள்ளை மட்டைதான் இருந்தது. கொஞ்சநேரம் அதைப் பார்த்தார். பிறகு சட்டத்தை மடியில் வைத்து, சிரிக்க முயன்றார்.

"அந்தப் பெட்டியில கிடந்தா கரையான் தின்னிருக்கும். யார் வாசிக்கப் போறாங்க அத? நான் அதுக்கு ஒரு உயிர் குடுத்தேன். அந்தப் பையனுக்கும் ஒரு கலை கத்துக்குடுத்தேன்."

"செத்தவர் வீட்டுல காவலுக்கு இருந்து திருடினீங்க."

"வார்த்தையப் பார்த்துப் பேசுங்க மாணிக்கம். நான் வெளிய எடுக்கலைன்னா இவனுங்க உள்ளேயே செத்திருப்பானுங்க."

டொறீன் அலுமாரியைத் திறந்தாள். அவர் தடுக்கவில்லை. பெரிய படப் புத்தகத்துக்கு அடியில் மருந்துப் புத்தகத்தில் மிச்சமிருந்தது கிடைத்தது. தொண்ணூற்றிரண்டு தாள். பிளேடால் வெட்டிய தாள்களின் அடிக்கட்டைகள் தையலில் பல்வரிசை மாதிரி நின்றன. அதற்கும் பின்னால் ஒரு பிஸ்கட் டின். வின்சன்டின் அட்டை இதில்தான் இருக்கும் என்று டொறீன் திறந்தாள்.

உள்ளே பதினொரு அட்டைகள் இருந்தன.

ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பதினொரு இளைஞர்கள் வரிசையாகப் பார்த்தார்கள். மாணிக்கவாசகத்துக்கு அப்போதுதான் புரிந்தது. மிளகுத் தோட்டத்தில் கொடி கட்டுவது யார், கிணறு வெட்டியது யார், இந்த வீட்டுக் கூரையைப் போட்டது யார் என்று இத்தனை வருடம் எவரும் கேட்டதில்லை.

"கூலி குடுத்தீங்களா?" டொறீன் கேட்டாள்.

"சாப்பாடு குடுத்தேன்." ஒஸ்வல்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொண்டுபோங்க. பொலிசுக்கே போங்க. எனக்கு எதிரா இந்த மலையில ஒரு ஆள் வாய் திறக்குதா பார்ப்போம்."

மாணிக்கவாசகம் வெளியே வந்து வேலியோரம் காறித் துப்பினார். வாய்க் கசப்பு போகவில்லை.

புத்தகத்தை றாபியாவிடம் சேர்த்தார்கள். ஸக்கரியாவும் வந்திருந்தார். தங்கையின் பக்கத்தில் உட்காராமல், எதிரே உட்கார்ந்திருந்தார். வெட்டியெடுத்த தாள்களில் இருந்த மருந்துகளை றாபியா மனப்பாடத்திலிருந்து சொல்லத் தொடங்கி, ஓர் இடத்தில் தடுமாறினார். அடுத்த வரியை ஸக்கரியா சொன்னார். மாணிக்கவாசகம் அவரிடம் மன்னிப்புக் கேட்டு, கையை நீட்டினார். ஸக்கரியா கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. "கடைப் பையன்கள்ட்டயும் வந்து சொல்லுங்க" என்றார். அடுத்த நாள் காலை மாணிக்கவாசகம் போய்ச் சொன்னார்.

அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் ஆனது. வின்சன்ட் தன்னுடையதை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்தபடியே பேசினான். சாட்சி சொல்வாயா என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்தான். மற்ற ஒன்பது பேரும் அப்படித்தான். மாஸ்டர் கை பெரிய கை, மறுபடி உள்ளே போக முடியாது என்றார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை.

பதினோராவது அட்டை பழனிமுத்துவுடையது. எல்கடுவக் கீழ்ப் பிரிவு. கதவைத் திறந்தது அவன் தாய் அழகாயி. கொழுந்து நிறுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முழங்கைவரை தேயிலைக் கறை.

"பழனிமுத்து இருக்காருங்களா?" டொறீன் கேட்டாள்.

"அவன் இல்லம்மா. தொண்ணூத்தொன்பதுல உள்ள இருந்து வந்தான். ரெண்டாயிரத்துல கொழும்புக்கு ஹோட்டல் வேலைக்குப் போனான். வழியில செக்பொயின்ட்டுல எறக்கினாங்களாம். கார்டு இல்லைன்னு. கூடப் போனவன் வந்து சொன்னான். அதுக்கப்புறம் வரல."

மாணிக்கவாசகம் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கொடுக்காமல் போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. கொடுத்தார்.

அழகாயி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. இருபது வயது முகம்.

"இதத் தொலைச்சிட்டேன்னுதான் அவன் சொன்னான். எங்கங்க இருந்திச்சு?"

"ஒஸ்வல்ட் மாஸ்டர் வீட்டுல. பிஸ்கட் டின்னுல. நாலு வருசமா."

பக்கத்துக் காம்பராவில் யாரோ விறகு பிளக்கும் சத்தம் கேட்டது.

"எம் புள்ளையத் தேடித் தரச் சொல்லி அவருதானுங்க கடுதாசி எழுதிக் குடுத்தாரு. மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் கால்ல விழுந்து கும்பிட்டேன்." அவள் ரெண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள். சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். "பொலிசுல போய் என்ன சொல்லணும்?"

"நடந்தத அப்படியே சொன்னாப் போதும்மா. பயமா இருந்தா—"

"எனக்கு இனி என்னங்க பயம்? இருங்க, சேலைய மாத்திட்டு வர்றேன்."